சிவப்புக் கோடும் கட்டிங் ஆர்டரும்

எச்சரிக்கை: இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. கவிதை, சினிமா விமர்சனம் தேடி வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. ஆனா நடுவுல கரும்பு வண்டி வரும், அதுக்காகவாவது படிக்கலாம்.

போன மாசம் ஒரு டியூஷன் சென்டர்லேர்ந்து போன். "சார், ஒரு பையனோட அப்பா ஃபீஸை ரெண்டு தடவை கட்டியிருக்கார், உங்க சைட்டுலதான் கோளாறு"ன்னாங்க. வழக்கம்போல "நெட் ஸ்லோவா இருந்திருக்கும்"னு சமாளிச்சுட்டு, ராத்திரி உக்காந்து தேடினேன். கோளாறு என்னோடதுதான். பணம் வந்து சேர நேரமானா "பொறுங்க, மறுபடி அழுத்தாதீங்க"ன்னு காட்டுற ஃபங்ஷன் பேர்ல ஒரு எழுத்தை விட்டிருக்கேன். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு பிரவுசர் அங்கேயே நின்னுடுச்சு. செய்தி வரல, மனுஷன் மறுபடி அழுத்திட்டார். 1,800 ரூபா.

இந்த மாதிரி தப்பைப் பிடிக்கத்தான் லின்டர்னு ஒண்ணு இருக்கு. 1978-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதின 'லின்ட்'தான் இதுக்கெல்லாம் தாத்தா. துணியில ஒட்டுற பஞ்சுத் தூசியைப் பொறுக்கி எடுக்கிற மாதிரின்னு பேரு. ஜாவாஸ்கிரிப்டுக்கு இப்ப பெரும்பாலானவங்க வெச்சிருக்கிற ஈஎஸ்லின்ட், 2013-ல நிக்கோலஸ் ஸாகஸ் ஆரம்பிச்சது. என் ப்ராஜெக்ட்லயும் அது இருந்துச்சு. ஆனா அதுல 'நோ-அன்டெஃப்', அதாவது அறிவிக்காத பேரைப் பயன்படுத்தாதேங்கிற விதியை அணைச்சு வெச்சிருந்த மகானுபாவன் சாட்சாத் நானேதான்.

ஏன் அணைச்சேன்? அது வ்யூ ப்ராஜெக்ட். ஆன்டனி ஃபூ எழுதின 'அன்பிளக்இன் ஆட்டோ இம்போர்ட்' போட்டிருந்தேன். ஒவ்வொரு ஃபைல் தலைப்புலயும் ரெஃப், கம்ப்யூட்டட், வாட்ச்னு இம்போர்ட் வரி எழுத வேணாம், பில்டு பண்றப்ப அதுவே சேர்த்துக்கும். சுகமோ சுகம். ஆனா லின்டர் பில்டை ஓட்டிப் பாக்குறதில்ல, நாம எழுதின ஃபைலை அப்படியே படிக்குது. அதோட கண்ணுக்கு 'ரெஃப்' எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாது. ஸ்க்ரீன் பூரா சிவப்புக் கோடு. எரிச்சல்ல விதியையே அணைச்சுட்டேன். சரியான பேரும் தப்பான பேரும் ஒண்ணாயிடுச்சு.

இப்ப கரும்பு வண்டி. இருக்கிறது நெய்வேலி டவுன்ஷிப்னாலும் எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். பாரி சர்க்கரை ஆலைக்கு வரிசையா போற கரும்பு வண்டிங்களைப் பாத்தே வளந்தவன். கரும்பைப் பதிவு பண்ணி, கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டித்தான் எடை மேடைக்குக் கொண்டு போகணும். ஏதோ ஒரு ஆலையில, ஒரு கிராமத்தோட பட்டியல் மட்டும் எடை போடுறவர் கைக்கு வரலைன்னு வெச்சுக்கங்க. அந்த ஊர் வண்டி எல்லாத்தையும் அவர் நிறுத்தத்தான் செய்வார். அவர்கிட்ட பட்டியலைக் குடுப்பீங்களா, இல்ல அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு கேட்டைத் திறந்து போடுவீங்களா? நான் பண்ணினது ரெண்டாவது.

பட்டியல் குடுக்கிறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லைங்க. அந்த ப்ளக்இன் அமைப்புலயே 'ஈஎஸ்லின்ட்ஆர்சி'ன்னு ஒரு பகுதி இருக்கு, அதுல 'எனேபிள்டு'ங்கிறதை ட்ரூ ஆக்கி ஒரு தடவை ஓட்டினா, தானா சேர்ற பேரையெல்லாம் ஒரு ஜேசான் ஃபைல்ல எழுதி வெச்சுடும். பழைய பாணி அமைப்புன்னா அதை 'எக்ஸ்டெண்ட்ஸ்'ல சேர்க்கணும். 2024-ல வந்த ஈஎஸ்லின்ட் 9-லேர்ந்து ஃப்ளாட் கான்ஃபிக்தான் வழக்கம், அதுல 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்'க்குள்ள 'குளோபல்ஸ்'ல போடணும். பத்து நிமிஷ வேலை.

இன்னொண்ணு. அந்த ஜேசான் ஃபைலையும் கிட்ல ஏத்துங்கங்கிறது என் கட்சி. "மெஷின் எழுதினதை எதுக்கு ஏத்தணும்"னு சிலர் சண்டைக்கு வருவாங்க. ஏத்தலைன்னா, பில்டுக்கு முன்னாடி லின்ட் ஓடுற சர்வர்ல பட்டியலே இருக்காது, மறுபடி சிவப்பு. மறுபடி எவனாவது விதியை அணைப்பான். தவிர, பட்டியல்ல புதுசா ஒரு பேர் நுழைஞ்சா, ரிவ்யூ பண்றவர் கண்ணுலயும் படும்.

டைப்ஸ்கிரிப்ட் ஆளுங்க சிரிக்கிறது கேக்குது. நியாயம்தான். அங்க இந்தச் சோதனையை கம்பைலரே பண்ணிடுது, அதனால டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் காரங்களே இந்த விதியை அணைச்சுக்கச் சொல்றாங்க. அது வேற காவல்காரர் நிக்கிறதால. வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல அந்த இன்னொருத்தர் கிடையாது. காரணம் புரிஞ்சு அணைக்கிறது வேற, கண்ணு உறுத்துதுன்னு அணைக்கிறது வேற.

விதியைத் திரும்பப் போட்டதும் மிஞ்சினது மூணே மூணு சிவப்புக் கோடு. ஒண்ணு அந்த 1,800 ரூபா கோடு. மத்த ரெண்டும் இன்னும் யார் தலையிலயும் விழாத தப்புங்க. பணத்தை அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. "நெட் ஸ்லோ"ன்னு சொன்னதுக்கு சென்டர்காரங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

உங்க ப்ராஜெக்ட்ல எந்த விதியெல்லாம் அணைஞ்சு கெடக்குன்னு இன்னிக்கு ஒரு தடவை பாருங்க மக்கா. பாத்துட்டு பின்னூட்டத்துல வந்து உண்மையைச் சொல்லுங்க, நான் மட்டும்தான் இப்படியான்னு தெரிஞ்சுக்கணும் :)