கிணற்றைக் கணக்கில் எழுதாத இலாபம்

கல் காலடியில், துறைமுகம் கண்முன்னே, புகையிரதப் பாதை வாயிலில். இதனினும் மலிவாகச் சீமெந்து செய்ய எவரால் முடியும்? 1990இல் போரினால் நின்ற காங்கேசன்துறைத் தொழிற்சாலையை மீண்டும் இயக்கக் கோருவோரின் வாதம் இது. கேட்க இனிது, குறுக்கு விசாரணைக்கு நில்லாது.

1950இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. மறுப்பாரில்லை. ஆயின் கல் இருப்பது தனிப்பலமாகுமா? புத்தளத்திலும் கல் உண்டு. அங்கும் சீமெந்து ஆகிறது. போட்டியில் ஒரு கம்பனியை நிலைநிறுத்துவது, பிறர் எளிதிற் பின்பற்றவியலாத செய்திறனே. தோண்டுதல் செய்திறனன்று.

மேலும், அக்கல் வெறுங் கல்லன்று; குடாநாட்டின் நீர்க்குடம். வற்றாத ஆறு நமக்கில்லை. மழைநீர் கல்வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகிறது. கடலோரத்தே ஊறும் கீரிமலைக் கேணியே அதற்குச் சாட்சி. ஆழ அகழ்ந்தால் உவர் ஏறும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் கமக்காரனின் கிணறு கெடும். அந்நட்டம் எந்த ஐந்தொகையில் ஏறும்? பிறன் பொருளை விலையின்றி எடுத்து மலிவாக விற்பது வாணிபத் திறமையா?

ஆலையே வேண்டாமென்பதல்ல எம் கட்சி. வெளியிலிருந்து கிளிங்கரைக் கப்பலில் இறக்கி இங்கு அரைக்கட்டும். துறைமுகத்தின் பயன் அதுவே. இங்கேதான் அகழ்வோமெனில், எவ்வளவு ஆழம்? குழியை மூடுபவர் யார்? கிணறு உவர்த்தால் ஈடு தருபவர் யார்? மூன்றுக்கும் எழுத்தில் விடை வரும்வரை எக்குத்தகைப் பத்திரத்திலும் கையொப்பமிடாதீர்! ஊர்தோறும் கமக்காரர் கூடித் தீர்மானம் நிறைவேற்றுக!