அழையாத ரீங்காரம்

வீட்டிலேயே நல்ல சங்கீதம் கேட்க வேண்டுமென்ற ஆசை நமது நேயர்களிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால், ஆயிரக்கணக்கில் ரூபாய் செலவு செய்து ரிக்கார்டு யந்திரமும் ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கிகளும் வாங்கி வைத்த பிறகு, வித்வான் ஆலாபனையில் மூச்சு விடும் இடத்திலெல்லாம் 'ம்ம்ம்' என்றொரு ரீங்காரம் புகுந்து கொண்டால் என்ன செய்வது? தம்பூராவாவது சுருதியோடு சேரும். இந்த அழையாத விருந்தாளியோ எந்தச் சுருதியிலும் சேருவதில்லை.

இதன் பூர்வீகம் வீட்டு மின்சாரந்தான். நமது நாட்டில் அது விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அந்த 50-ம், அதன் மடங்குகளான 100, 150 முதலியவையுமே நம் காதில் ரீங்காரமாக விழுகின்றன.

கடைக்காரரிடம் முறையிட்டால், "பாலன்ஸ்டு கேபிள் வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். அது என்னவென்று தெரிந்து கொண்டு பணத்தை எடுப்பது உத்தமம்.

வீடுகளில் சாதாரணமாகப் பயன்படுவது 'அன்பாலன்ஸ்டு' கேபிள், ஆர்.ஸி.ஏ. என்ற முனை கொண்டது. இதில் நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி ஒரு செப்பு வலை. சங்கீதம் நடுக்கம்பி வழியே போய், வலை வழியே திரும்புகிறது. அதே வலை வெளித் தொல்லைகளைத் தடுக்கும் கவசமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஆள் காவலும் காத்துக் கணக்கும் எழுதினால் எப்படியோ, அப்படி! இரண்டு கருவிகளும் தனித்தனி பிளக் வழியே எர்த்துடன் சேர்ந்திருக்கும்போது, இந்த வலையும் சேர்ந்து ஒரு வளையமாகி விடுகிறது. அதில் ஓடும் சொற்ப மின்சாரம் சங்கீதத்தோடு கலந்து ரீங்காரமாகிறது.

'பாலன்ஸ்டு' கேபிளிலோ முறுக்கிய இரு கம்பிகள், கவசம் தனி. எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று ஊசி முனையில் 1-வது ஊசி கவசத்துக்கு. 2-ம் 3-ம் சங்கீதத்துக்கு. ஏற்கும் கருவி, இவ்விரு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக் கொள்கிறது. தராசின் இரு தட்டுகளிலும் சமமாகத் தூசி விழுந்தால் முள் அசைவதில்லை யல்லவா? அதுபோல், இரு கம்பிகளிலும் சமமாக ஏறிய இரைச்சல் தள்ளுபடியாகி விடுகிறது. இதற்கு முக்கியமாக வேண்டியது, இரு கம்பிகளும் எர்த்தைப் பொறுத்து மின்தடையில் சரிசமமாக இருப்பதே. இரண்டிலும் நேர்மாறான சங்கீதம் ஓடியே தீர வேண்டுமென்று பலர் நினைப்பது சரியல்ல. '60 டெஸிபல்' என்று குறிப்பிட்டிருந்தால், இரைச்சல் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று பொருள்.

இது நேற்று முளைத்த வித்தையன்று. டெலிபோன் கம்பிகள் ஒன்றன் பேச்சை மற்றொன்று ஒட்டுக் கேட்பதைத் தடுக்க, இரு கம்பிகளை முறுக்கும் முறைக்கு அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே உரிமை பெற்று விட்டார். சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் மைக்கை நெடுந்தூரம் இழுத்துச் செல்லும் கச்சேரி மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் இது இன்றியமையாதது.

நிற்க. வீட்டில் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு ஒழுங்கான சாதாரணக் கேபிளே போதும். ஐந்து, பத்து மீட்டர் போக வேண்டுமானால்தான் பாலன்ஸ்டு முறையின் அருமை தெரியும். அதுவும், இரண்டு முனையிலும் கருவிகள் உள்ளுக்குள் அதற்கென்றே அமைந்திருந்தால்தான் முழுப் பலன். மூன்று துளை இருப்பதாலேயே ஏமாந்து விடலாகாது. அன்றியும், பல கருவிகள் ஆர்.ஸி.ஏ. துளையில் 2 வோல்ட்டும் எக்ஸ்.எல்.ஆர். துளையில் 4 வோல்ட்டும் தருகின்றன. கடையில் மாற்றிக் காட்டும்போது சப்தம் அதிகமாவதால், 'ஆஹா, எவ்வளவு தெளிவு!' என்று தோன்றும். சப்தத்தைச் சமமாக்கிக் கொண்டு பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். சீமைப் பெயர் பொறித்த கேபிளென்றால் கண்ணை மூடிக்கொண்டு பத்து மடங்கு விலை கொடுக்கும் அடிமை மோகமும் நம்மை விட்டுப் போக வேண்டும். உள்ளூரில் நன்றாகப் பற்றவைத்த கேபிள் செய்யாத எந்த அற்புதத்தையும் அது செய்துவிடாது.

ரீங்காரத்துக்கு முதலில் செய்ய வேண்டியவை காசில்லாதவை. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் சொருகுங்கள். சங்கீதக் கேபிளை மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ரிக்கார்டு யந்திரத்தில் தனி எர்த் கம்பி இருந்தால் அதை ஆம்ப்ளிபயரின் திருகில் இணையுங்கள். இவை பலிக்காவிட்டால், இடையில் வைக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்று வளையத்தைத் துண்டித்து விடும்.

ஆனால், ஒரு காரியத்தை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது. மூன்று ஊசி பிளக்கில் எர்த் ஊசியை நீக்கிவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். நிற்பது உண்மைதான், வளையம் அறுந்து போகிறதல்லவா? ஆனால், உள்ளே ஒரு கம்பி நழுவித் தகரப் பெட்டியைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் அந்தப் பெட்டியின் மேல் காத்திருக்கும். கேபிளின் மெல்லிய வலை மட்டுமே அதற்குப் போக்கிடம். அதைப் பிடுங்கிய கணமே அதுவும் இல்லை. பொத்தானைத் திருகப் போவது நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

ரீங்காரத்தோடு ஒரு கீர்த்தனை கேட்பதால் யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. எர்த் ஊசி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.