கரைவலை இழுக்கும் கைகள்



2011இல் விண்வெளி நிலையத்துக்குப் போன ரோபோநட் 2 ரோபோவின் கை நுட்பத்தை வைத்து, நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் மனிதருக்கு ஒரு கையுறை செய்தன. போட்டுக்கொண்டால் நம் பிடிக்கு மோட்டார் பலம் சேர்க்கும். 2016இல் அதன் உரிமம் சுவீடனின் பயோசெர்வோ நிறுவனத்துக்குப் போனது.

தனியாருக்குக் கொடுத்தது பிழையில்லை. அலுமாரியில் பூட்டிய கண்டுபிடிப்பால் யாருக்கும் பயனில்லை. ஆனால் அதில் மக்களின் வரிப்பணமும் இருக்கிறது. உரிமம் கொடுக்கும்போதே, ஏழைத் தொழிலாளிக்குக் குறைந்த விலை என்று ஒரு நிபந்தனை போட்டால் என்ன?

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் ஏவுகணைக்கான இலேசான பொருளைக் கொண்டு, பிள்ளைகள் காலில் கட்டிய மூன்று கிலோ கலிப்பரை 300 கிராமாக்கினார். மனம் இருந்தால் முடியும்.

கிண்ணியாவில் கரைவலை இழுக்கும் நம் வாப்பாமாரின் கைகளைப் பாருங்கள். பிடிக்குப் பலம் தேவைப்படுவது அந்தக் கைகளுக்குத்தானே?