கொப்புளத்துக்காகக் குடும்பம் உடைய வேண்டாம்!

தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடினால் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். ஒன்றை மட்டும் பேசமாட்டார்கள். மறைவிடத்தில் கொப்புளம் கண்டால், யாரோ சொன்ன களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். நோயைவிட இந்த மௌனம்தான் கொடியது என்கிறோம் நாம்.

இந்த நோய்க்கு ஹெர்பீஸ் என்று பெயர். ஊரில் காவி குழைத்து எழுதுவார்களே, அந்த அக்கி வேறு. அது சின்னம்மைக் கிருமி மறுபடி தலைதூக்குவது. ஹெர்பீஸ் அதற்குப் பங்காளி. இதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரம் வரும்; சூட்டுக் கொப்புளம் என்று நாம் விட்டுவிடுவது பல சமயம் இதுதான். இரண்டாம் வகை மறைவிடத்தில் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டோரில் 380 கோடிப் பேருக்கு முதல் வகை உண்டு. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை உண்டு. இத்தனை பேரும் கெட்டுப்போனவர்களா, என்ன?

தோலோடு தோல் உரசினால் ஒட்டும். முத்தத்தில் ஒட்டும், உடலுறவில் ஒட்டும். உதட்டில் இருப்பது வாய்வழி உறவில் மறைவிடத்துக்கும் போகும். கக்கூஸில் உட்கார்ந்ததாலோ, இன்னொருவர் பாயில் படுத்ததாலோ வராது. கொப்புளம் இல்லாத நாளிலும் தொற்றலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், அடியோடு தடுக்காது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கிருமி நரம்புக்குள் பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். காய்ச்சல், அலுப்பு, கவலை வந்தால் வெளியே வரும். ஆகவே, லீவில் வந்த புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, "எவன்கிட்ட வாங்கினே?" என்று கேட்பது அநியாயம். அவனிடமிருந்தே அவளுக்கு வந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே யாருக்காவது இருந்திருக்கலாம். கொப்புளம் யாருடைய நடத்தைக்கும் சாட்சி ஆகாது.

அடியோடு ஒழிக்க மருந்து இல்லை. அடக்கி வைக்க உண்டு. அசைக்ளோவிர் மாத்திரையைச் சீக்கிரமே சாப்பிட ஆரம்பித்தால் புண் விரைவில் ஆறும். கண்ட களிம்பையும் தடவினால் புண் மோசமாகலாம். கர்ப்பிணிகள் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. பிரசவத்தில் பிள்ளைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. உதட்டில் புண் உள்ளவர்கள், பாட்டியே ஆனாலும், பச்சைப்பிள்ளைக்கு முத்தம் தரக்கூடாது.

முன்பு சிங்கப்பூரில் இதற்கென்று மிடில் ரோடு ஆஸ்பத்திரி இருந்தது. அந்த வாசலில் நிற்கவே ஜனங்கள் கூசினார்கள். 1988-இல் அது போய், தேசியத் தோல் நிலையம் வந்தது. பால்வினை நோய்களுக்கென்றே அதைச் சேர்ந்த டி.எஸ்.சி. கிளினிக்கும் இருக்கிறது. கட்டடம் மாறிவிட்டது, நம் கூச்சம் மட்டும் மாறவில்லை.

சம்பளம் பற்றிப் பேசும் சங்கங்களும், திருவிழா நடத்தும் கோயில் கமிட்டிகளும் இதைப் பற்றியும் கூட்டம் போட்டுப் பேசட்டும். கொப்புளம் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும்; சந்தேகத்தில் உடைந்த வீடு ஆறாது. வெட்கத்தை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள்!