எந்தப் பென் செத்தான்?

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) ரசிகர்களுக்குள் தீராத சண்டை. எது அசல்? வண்ணம் பூசின பிரதியா, 1998இல் புதுக்காட்சி ஒட்டின பிரதியா? ரொமேரோ எடுத்த தொடர்ச்சியா, கூட்டாளி ரூஸோ வழி வந்ததா? கள்ளநோட்டு பார்க்கிற பேங்க் குமாஸ்தா, எனக்கே இவ்வளவு அசல் பித்து கிடையாது.

செத்தது யாருன்னு பேசுவோம் தோழர்களே. மனுசரைத் தின்னும் பிணங்களோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி மிஞ்சுகிற ஒரே ஆள் பென். கறுப்பன். விடிந்ததும் ஷெரீப்போடு வந்த வெள்ளைக் கும்பல், ஜன்னலில் தெரிந்தவனைச் சுடுகிறது. பிணம்னு நினைச்சாங்களாம். கொக்கி போட்டு இழுத்துக் கொளுத்துவதை அசையாத புகைப்படங்களாகக் காட்டுகிறார் ரொமேரோ. லிஞ்சிங் படங்களைப் பார்த்தவனுக்கு விளக்கம் வேணுமா? மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறே மாசம்.

இனம் பார்த்து எடுக்கலை, நல்லா நடிச்சார், டுவேன் ஜோன்ஸை எடுத்தோம் என்றார் ரொமேரோ. இருக்கட்டும். துப்பாக்கி இனம் பார்த்ததா இல்லையா?

1990இல் ரொமேரோவே எழுதிக் கொடுக்க, டாம் சவினி மறுபடி எடுத்தார். இதில் பென் முதலில் பிணமாகிவிடுகிறான், பிறகுதான் குண்டு. கும்பல் கையில் கறையே இல்லை! பார்பரா துணிச்சல்காரி ஆகிவிட்டாள் என்று கைதட்டுகிறார்கள். ஆகட்டும், நல்லதுதான். அதுக்குப் பென்னோட சாவைத் திருடணுமா?