ஃபோட்டோஷாப் ரேஸ்: ஜெயிப்பது சிப்பா, டெஸ்ட்டா?

‘ஃபோட்டோ எடிட்டிங்கில் இரண்டு மடங்கு வேகம்’ என்று லேப்டாப் விளம்பரம் வந்தால், உடனே இஎம்ஐ கணக்கு போடாதீங்க. எந்த வேலையை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள்.

2001 ஜூலை, நியூயார்க் மேக்வேர்ல்டு மேடை. ஆப்பிளின் 867 மெகாஹெர்ட்ஸ் ஜி4 கணினியும், 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கணினியும் ஃபோட்டோஷாப்பில் மோதின. முதலில் முடித்தது ஜி4. மெகாஹெர்ட்ஸ் மட்டுமே வேகம் இல்லை என்ற ஆப்பிளின் வாதம் சரிதான். ஆனால், எந்த ஃபில்டர்களை ஓட்டுவது என்று முடிவு செய்ததும் ஆப்பிள்தானே! பல பிக்சல்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ‘ஆல்டிவெக்’ வசதி ஜி4-ல் இருந்தது. பிளர் போன்ற ஃபில்டர்கள் அதற்கு அல்வா சாப்பிடுற மாதிரி. (2005-ல் அதே ஆப்பிள், இன்டெல் சிப்புக்கே மாறுவதாக அறிவித்தது தனிக்கதை.)

இன்னொரு விஷயம், ரேம். அது நிரம்பிவிட்டால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். எவ்வளவு வேகமான சிப்பும் காத்துக் கிடக்கும். சின்ன ஃபைலை வைத்து டெஸ்ட் செய்தால் இது வெளியே தெரியாது. நீங்கள் வாங்கப்போவது 8 ஜிபி மாடல், டெஸ்ட் செய்தது 32 ஜிபி மாடலாக இருக்கலாம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு கார்டைத் தேய்க்கலாம்.