ரிவால்வர் வடிவமைப்பைத் தீர்மானிப்பது சந்தையா, சட்டமா? கேரள அனுபவம் உணர்த்துவது என்ன?

திருவனந்தபுரம்: விளைநிலங்களைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கு வழங்க, கேரள அமைச்சரவை 2022 மே மாதம் முடிவு செய்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அப்பணியில் ஈடுபட முடியும். ஆனால் இந்தியாவில் விற்பனையாகும் ரிவால்வர்கள் அந்தத் தேவைக்காக உருவானவை அல்ல.

சந்தையின் தேவை துப்பாக்கியின் வடிவத்தை மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் மேக்னம் ரிவால்வர்கள் சான்று. கார்களில் தப்பும் குற்றவாளிகளை எதிர்கொள்ள, அந்நாட்டுக் காவல்துறையினருக்கு ஆற்றல் மிகுந்த தோட்டா தேவைப்பட்டது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னத்தை அறிமுகப்படுத்தியது. அதன் அழுத்தத்தைத் தாங்க, உறுதியான கனத்த உடற்பகுதி அமைக்கப்பட்டது. வலுக்குறைந்த பழைய ரிவால்வர்களில் பொருந்தாதவாறு தோட்டாவின் உறையும் நீட்டப்பட்டது. 1971இல் வெளியான 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் .44 மேக்னத்துக்கான தேவையைப் பெருக்கியது. பின்னர், மறைத்து எடுத்துச் செல்ல விரும்பியோருக்காக எடை குறைந்த மேக்னங்களும் வந்தன.

இந்தியாவில் நிலைமை வேறு. .38, .455 போன்ற ராணுவ, காவல்துறை காலிபர்கள் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டவை. எனவே அரசுத் தொழிற்சாலைகள் .32 காலிபரையே சார்ந்தன. தோட்டாவின் ஆற்றலைக் கூட்ட வழியில்லாததால், எடையிலும் இயங்குமுறையிலும் மட்டுமே போட்டி எழுந்தது.

2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பின், பெண்களை முன்னிறுத்தி 2014இல் கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வர், டைட்டானியம் கலவையால் சுமார் 500 கிராம் எடையில் அமைந்தது. விலையோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பாதுகாப்பு தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. 2023இல் வெளியான 'பிரபல்' ரிவால்வரில், துப்பாக்கியை மடக்கித் திறக்கும் பழைய முறைக்குப் பதிலாக, தோட்டா உருளை பக்கவாட்டில் வெளிவரும் வசதி சேர்க்கப்பட்டது.

இவை அனைத்தும் நகரவாசியின் தற்காப்பை மனத்தில் கொண்டவை. காட்டுப்பன்றியை வீழ்த்த .32 தோட்டா போதுமானதல்ல. காயமுற்ற பன்றி மேலும் ஆபத்தானது. அதற்கு நீண்ட குழல் துப்பாக்கியும் பயிற்சி பெற்றவரும் தேவை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமோ, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

துப்பாக்கிப் பெருக்கத்தைத் தடுக்கும் கட்டுப்பாடு அவசியமே. எனினும், வாங்கும் வசதி உள்ளவரின் தேவையே வடிவமைப்பாளரைச் சென்றடைகிறது. பயிரை இழக்கும் விவசாயியின் தேவை சென்றடைவதில்லை. சுட அனுமதி வழங்குவதோடு நில்லாமல், பயிற்சி பெற்ற குழுக்களையும் உரிய துப்பாக்கிகளையும் அரசே உறுதிசெய்தால்தான் அமைச்சரவையின் முடிவு வயல்வெளியில் பயன் தரும்.